எக்செல் 2003, பாமினி, 9 ஊசி பிரிண்டர்: மெஷின் மாத்தினதும் ரசீது சிதறுது

ரப்பர்கடை_கணக்கன் · திங்கள் இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். குலசேகரத்துல மாமாவுக்கு ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுக்கிற கடை. கணக்கு எழுதுறது நான். 2006-லிருந்து ஒரே எக்செல் ஃபைல்தான், எக்செல் 2003. ஷீட் கொண்டு வர்றவங்களுக்கு எடை, கிரேடு, அட்வான்ஸ் பிடித்தம், கையில் கொடுத்த காசு எல்லாம் போட்டு ஒரு ரசீது அடிச்சுக் கொடுப்போம். பிரிண்டர் 80 காலம் (ஒரு வரிக்கு 80 எழுத்து), 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ். 10-க்கு 6 இஞ்ச் துளைப் பேப்பர், மூணு பிரதி. ஆட்கள் பேரெல்லாம் பாமினிங்கிற பழைய தமிழ் எழுத்துருவுல கிடக்கு.

போன மாசம் ஒரு இடி. பழைய எக்ஸ்பி மெஷின் அதோட போச்சு. ஹார்டு டிஸ்க் பிழைச்சது புண்ணியம். புது மெஷின் விண்டோஸ் 10. கொண்டு வந்து வச்ச பையனே பழைய எக்செல் சிடியை ஏத்தி, பாமினியை ஏத்தி, யுஎஸ்பி கேபிள் வழியா பிரிண்டரையும் சேர்த்துட்டுப் போனான். திரையைக் காட்டினான், தமிழ் இருந்தது. பேப்பர் ஓட்டிப் பார்க்கலை, அது எங்க தப்பு.

இப்ப 'கடை' லாகினில் திறந்தா ஒரு பேரும் தமிழ் இல்லை. முருகன் இருந்த இடத்துல பெரிய கே, பெரிய யூ, சின்ன எஃப், சின்ன டி, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. பேப்பரிலும் அதே கோலம். ஒரு பெரியவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு "இது மலையாளமாடே?"ன்னு கேட்டார். போதாக்குறைக்கு மொத்தத் தொகை வரி அடுத்த ரசீதுக்குப் போயிடுது. வலது பக்கம் காசு காலம் (காசு எழுதுற நெடுவரிசை) தனிப் பேப்பரா வருது. எங்கேருந்து தொடங்குறதுன்னே தெரியலை.

தோவாளை_மண்டி · திங்கள் இரவு 9.40

எங்க பூ மண்டியிலும் இதே கதை நடந்தது தம்பி. ஃபிட் டு ஒன் பேஜ் போட்டுப் பாருங்க, எல்லாம் ஒரே தாளில் அடங்கிடும்.

ஊசிக்காரர் · திங்கள் இரவு 10.05

அடங்கும். வாசிக்கத்தான் முடியாது. 9 ஊசி பிரிண்டருல 70 சதவீதத்துக்குச் சுருக்குனா 'ணை'யும் 'னை'யும் ஒரே கறுப்புப் பொட்டாக்கும். பேஜ் செட்டப்புல இருக்குற அந்த 100 சதவீதத்தத் தொடாத தம்பி. நான் வடசேரியில 25 வருசமா இந்த மெஷினுவளத்தான் பிரிச்சு மேயுதேன், பேடிக்காண்டாம், ஒவ்வொண்ணாப் பாப்போம்.

மொதல்ல ரெண்டு கேள்வி. பிரிண்டர் பட்டியல்ல உம்ம பிரிண்டர் என்ன பேருல கிடக்கு? அந்தப் பையன் ஏத்துனது எந்த லாகினுல?

ரப்பர்கடை_கணக்கன் · திங்கள் இரவு 10.21

பட்டியல்ல 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி'ன்னு இருக்கு அண்ணே. அவன் 'அட்மின்'னு ஒரு லாகின் வச்சிருக்கான், அதுலதான் எல்லாம் பண்ணினான். இப்ப அதுல போய்ப் பார்த்தேன், அங்க திரையில் தமிழ் ஜம்முன்னு வருது. ஆனா அங்கிருந்து பிரிண்ட் கொடுத்தாலும் பேப்பரில் கே, யூ, எஃப், டி தான்.

டிடிபி_அக்கா · செவ்வாய் காலை 6.50

மார்த்தாண்டத்தில் 18 வருஷம் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். கல்யாண அழைப்பிதழ், மரண அறிவிப்பு, பள்ளிக் கேள்வித்தாள், எல்லாம் பாமினி, செந்தமிழ் என்ற எழுத்துருக்களில்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி, உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு. இரண்டுக்கும் அறிகுறி ஒன்றாக இருப்பதால்தான் குழப்பம்.

பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது தமிழே இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. பெரிய கே-க்கு 'மு' படத்தையும், பெரிய யூ-வுக்கு 'ரு' படத்தையும் எழுத்துரு மாட்டிக் காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் முகமூடி கழன்று ஆங்கிலம் தெரியும்.

திரையில் முகமூடி கழன்றதற்குக் காரணம் லாகின். விண்டோஸ் 10-ல் 1809 பதிப்பிலிருந்து, எழுத்துரு ஃபைலைத் திறந்து வெறுமனே இன்ஸ்டால் அழுத்தினால் அது அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பழைய எக்ஸ்பியில் அப்படி இல்லை, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் போட்டால் வீட்டுக்கே பொது. இப்போது ஃபைல் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாஸ்வேர்டு கேட்கும், அட்மின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். முடிந்ததும் எக்செல்லை மூடித் திறக்கவும்.

பேப்பரில் கழன்றதற்குக் காரணம் வேறு. அதை ஊசிக்காரர் அண்ணன் சொல்வார்.

ஊசிக்காரர் · செவ்வாய் காலை 8.15

அக்கா சொன்னதுல ஒரு புள்ளி மாத்தாண்டாம்.

டெக்ஸ்ட் ஒன்லி டிரைவர்னா அது வெறும் எழுத்து எண்ண மட்டும் பிரிண்டருக்குத் தள்ளிவிடும். எழுத்துருவோட படத்த அனுப்பாது. பிரிண்டர் தன் வயித்துக்குள்ள இருக்குற ஆங்கில எழுத்த எடுத்து அடிக்கும். திரையில எம்புட்டு நல்ல தமிழ் இருந்தாலும் பேப்பர்ல ஆங்கிலந்தான். டெக்ஸ்ட் ஒன்லி சரக்கு வேகமாப் போகும், ஆங்கில பில்லுக்குக் கொள்ளாம். தமிழுக்கு ஆகாது.

உம்ம பிரிண்டருக்குப் புது விண்டோசுல சொந்த டிரைவர் கிடைக்கலன்னா, அது எப்சன் பாஷையில பேசுற மெஷினான்னு மேனுவல்ல பாரும். 'இஎஸ்சி/பி எமுலேஷன்'னு போட்டிருக்கும், முக்காவாசி 9 ஊசிக்கு அது உண்டு. ஆட் பிரிண்டருல பட்டியல் வரும்போது விண்டோஸ் அப்டேட் பட்டன அமுக்கிட்டு ஒரு காப்பி குடிச்சிட்டு வாரும், பட்டியல் நிறைய பைய எடுக்கும். அதுல எப்சனோட 9 ஊசி டிரைவர் ஒண்ண எடும், எல்எக்ஸ்-300 இருந்தா அது போதும். 24 ஊசி டிரைவர எடுத்திராதயும், எழுத்து நீளமா இழுத்து வரும்.

போர்ட்டு யுஎஸ்பி001. பழைய பிரிண்டர் போர்ட்டான எல்பிடி1-ன்னு வச்சா ஒண்ணும் வராது. உம்ம கேபிள் எல்பிடி போர்ட்ட உண்டாக்காது, அது யுஎஸ்பி பிரிண்டர்னுதான் விண்டோசுக்குத் தெரியும்.

குளச்சல்_பெரியவர் · செவ்வாய் காலை 10.30

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 1989-ல் நான் வேலைபார்த்த அலுவலகத்தில் எக்செல் மாதிரி டாஸில் ஓடும் லோட்டஸ் 1-2-3 தான். ஸ்லாஷ், பி, பி, ஓ, எஸ் என்று தட்டினால் செட்டப் என்று ஒரு இடம் வரும். அதில் பின்சாய்கோடு போட்டு 015 என்று எழுதுவோம். 80 கால பிரிண்டர் ஒல்லி எழுத்தில் 137 எழுத்தை ஒரே வரியில் அடித்துத் தள்ளும். அரைத்தாள் ரசீதுக்கு 027, 067, 036. கடைசி எண் 36 என்பது வரி எண்ணிக்கை, ஒரு இஞ்சுக்கு 6 வரி வீதம் 6 இஞ்சுக்கு. அந்த மூன்று எண்ணைக் கொடுத்துவிட்டால் பிரிண்டர் சொன்னபடி கேட்கும். டிரைவரும் கிடையாது, எழுத்துருவும் கிடையாது. இப்போது அதை 64 பிட் விண்டோசில் ஓட்ட முடியுமா?

ஊசிக்காரர் · செவ்வாய் காலை 10.52

அய்யா வணக்கம். நேரா ஓடாது, 64 பிட்டுல டாஸ் புரோகிராமுக்கு இடமில்ல. டாஸ்பாக்ஸ் மாதிரி வல்லதும் வச்சுத்தான் ஓட்டணும். லோட்டஸோட பழைய டபிள்யூகே1 ஃபைல வாசிக்கணும்னு மட்டும்னா லிப்ரே ஆபீஸ் கால்க் திறக்கும், எக்செல் 2003-ம் திறக்கும். எக்செல் 2007-லிருந்து திறக்காது.

ஆனா அய்யா சொன்ன அந்த 36 வரி இருக்கே, அதாக்கும் காரியம். தம்பியோட ரசீது அடுத்த பேப்பருக்கு ஓடுறதும் அதனாலதான். விண்டோசுக்கு 6 இஞ்ச் பேப்பர்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது, அது ஏ4-ஓ லெட்டரோதான் நினைச்சிட்டிருக்கும். ரசீது ஒண்ணு அடிச்சிட்டு மீதி அஞ்சு இஞ்சையும் வெள்ளையா ஓட்டி விடும், அடுத்தது நடுவுல தொடங்கும்.

டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ் திறந்து பிரிண்டர ஒரு தடவை தொட்டா மேல 'பிரிண்ட் சர்வர் பிராப்பர்டீஸ்'னு வரும். அதுல ஃபார்ம்ஸ், அதாவது தாள் அளவு. 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' டிக் போடும். பேரு ரசீது, அகலம் 10 இஞ்ச், உயரம் 6 இஞ்ச். மில்லிமீட்டர் கணக்குல இருந்தா இங்கிலீஷ் அளவுக்கு மாத்தும். சேவ் பண்ணிட்டு பிரிண்டர் பிராப்பர்டீசுல டிவைஸ் செட்டிங்ஸ் போயி டிராக்டருக்கு (துளைப் பேப்பர இழுக்குற பல்லு) நேரா அந்த ஃபார்ம வையும். பிறகு பிரிண்டிங் பிரிஃபரன்சஸ்லயும் அதையே. கடைசியா எக்செல் பேஜ் செட்டப்புலயும். மூணு இடம். ஒண்ண விட்டாலும் சவம் ஏ4-க்கு ஓடிரும்.

ரப்பர்கடை_கணக்கன் · செவ்வாய் இரவு 8.47

அண்ணே, அக்கா, பாதி ஜெயிச்சாச்சு!

எழுத்துருவை எல்லாருக்குமா ஏத்தினேன், 'கடை' லாகினில் தமிழ் வந்துட்டுது. எல்எக்ஸ்-300 டிரைவர் கிடைச்சது, பேப்பரிலும் தமிழ். வலது பக்கம் தனியா ஓடின காசு காலமும் தானா உள்ளே வந்துட்டுது, அது எப்படின்னு புரியலை, நான் ஒண்ணும் தொடலை. ஃபார்ம் மூணு இடத்துலயும் வச்சேன். காலையில 20 ரசீது அடிச்சேன், ஒண்ணு கூட நகரலை.

சாப்பிட்டுட்டு மூணு மணிக்குக் கடை திறந்தா மறுபடி கோணல். முதல் ரசீது உள்ளே இருக்கிற லேசர் பிரிண்டருக்குப் போய் ஏ4 தாளில் வந்துச்சு. சரி, கை தவறிடுச்சுன்னு கண்ட்ரோல் பி அடிச்சு டாட் மேட்ரிக்ஸைத் தேர்ந்தேன். வந்தது. ஆனா மொத்தத் தொகை அடுத்த பேப்பருக்குப் போயிடுச்சு. மறுபடி பேஜ் செட்டப் போய் ஃபார்மை வச்சேன், சரியாச்சு. நாளைக்கும் இப்படித்தானா?

இன்னொண்ணு. புதுசா முருகன்னு அடிச்சா முரகன்னு ஆகுது. ரெண்டு தடவை திருத்தினேன். அடிக்கும்போது சரியா இருக்கு, என்டர் தட்டினதும் மாறுது. பேய் பிடிச்ச மாதிரி.

டிடிபி_அக்கா · செவ்வாய் இரவு 9.30

பேய்க்குப் பெயர் ஆட்டோகரெக்ட். இது எனக்கு மிகவும் பிடித்த பேய், என் சென்டரில் புதிதாகச் சேரும் பெண்பிள்ளைகள் எல்லாம் முதல் வாரம் இதில்தான் அழுவார்கள்.

பாமினியில் 'மு' பெரிய கே, 'ரு' பெரிய யூ. அடுத்து 'க'வுக்குச் சின்ன எஃப். எக்செல் இதை எப்படிப் பார்க்கும்? ஒரு ஆங்கிலச் சொல், முதல் இரண்டு எழுத்தும் பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. ஷிஃப்டிலிருந்து விரலை எடுக்க மறந்துவிட்டார் போல என்று இரக்கப்பட்டு இரண்டாம் எழுத்தைச் சின்னதாக்கிவிடும். சின்ன யூ என்றால் 'ர'. முருகன் முரகன். இதே கணக்கில் சுகுமாரன் சுகமாரன் ஆவார், குமுதா குமதா ஆவாள். டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து அங்கே இருக்கிற எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பாமினி அடிக்கிற மெஷினில் அதில் ஒன்றுகூட வேண்டாம். பழைய மெஷினில் யாரோ எப்போதோ எடுத்திருப்பார்கள், அது அந்த மெஷினோடு போய்விட்டது.

காசு காலம் தானாக உள்ளே வந்ததற்கும் காரணம் உண்டு. எக்செல் காலத்தின் அகலத்தை இஞ்சில் வைப்பதில்லை. 'நார்மல்' என்ற ஸ்டைலில் எந்த எழுத்துரு இருக்கிறதோ, அதில் ஒரு பூஜ்யம் எவ்வளவு அகலமோ, அப்படி எத்தனை பூஜ்யம் என்றுதான் வைக்கும். ஏரியல் 10-ல் பூஜ்யம் 7 பிக்சல். வழக்கமான 8.43 அகலக் காலம் 64 பிக்சல். பூஜ்யம் 8 பிக்சல் உள்ள எழுத்துரு வந்துவிட்டால் அதே 8.43 என்பது 72 ஆகும். பத்து காலம் இருந்தால் 80 பிக்சல், முக்கால் இஞ்சுக்கு மேல் வலது பக்கம் தள்ளிவிடும். உங்கள் ஃபைலில் யாரோ நார்மல் ஸ்டைலையே பாமினிக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஃபார்மேட் மெனுவில் ஸ்டைல் திறந்து பாருங்கள். எழுத்துரு இல்லாதபோது விண்டோஸ் வேறொன்றைப் போட்டது, பூஜ்யம் பருத்தது, காசு வெளியே போனது. எழுத்துரு வந்ததும் பழைய அளவு வந்துவிட்டது.

அதனால்தான் எப்போதும் சொல்வேன்: முதலில் எழுத்துரு, பிறகு பிரிண்டர், அதற்குப் பிறகுதான் ஃபைலைத் திறக்க வேண்டும். மாறாகச் செய்தால் ஃபைலைத் திருத்தப் போவீர்கள், அங்கேதான் கெடுப்பீர்கள்.

ரப்பர்கடை_கணக்கன் · செவ்வாய் இரவு 9.44

அக்கா, நார்மல் ஸ்டைலில் பாமினி 11 தான் இருக்கு. கையெழுத்துப் பார்க்காமலே ஜாதகம் சொல்றீங்க.

ஒருங்குறி_விரும்பி · செவ்வாய் இரவு 10.10

இத்தனை பேர் சேர்ந்து ஒரு செத்த எழுத்துருவுக்கு மருத்துவம் பார்க்கிறீர்கள். பாமினி எந்தக் காலத்திலும் அரசு தரமாக இருந்ததில்லை. 1999-ல் டாம், டாப் என்ற அரசுத் தரக் குறியீடுகள் வந்தன. 2010-ல் தமிழ்நாடு அரசே ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு, வந்துவிட்டது. என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்து மாற்றியில் போட்டு மொத்தத்தையும் மாற்றிவிட்டால் இந்த ஆட்டோகரெக்ட் பேயும் இல்லை, பூஜ்யக் கணக்கும் இல்லை.

தோவாளை_மண்டி · புதன் காலை 5.20

பூ ஏலம் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு வரி. ஒருங்குறி நண்பர் சொல்றது எனக்கும் சரிதான்னு படுது, காரணம் வேற. எங்க மண்டிப் பேரேட்டில் விலுக்அப் (பேரைத் தேடி அதுக்கு நேரா இருக்கிறதை எடுத்துத் தர்ற எக்செல் சூத்திரம்) போட்டு வச்சிருந்தோம். துரைன்னு ஒரு விவசாயி, கிரேந்தியும் பிச்சியும் கொண்டு வருவார். அவர் பேரைப் போட்டா மாசம் முழுக்க தரை வாடகை வந்து நிக்கும். 'து' பெரிய ஜே, 'த' சின்ன ஜே. விலுக்அப்புக்குப் பெரிசு சின்னது தெரியாது, அதுக்குத் தரையும் துரையும் ஒண்ணு. மேல எது இருக்கோ அதை எடுத்துக் கொடுத்துடும். பட்டுக்கும் புட்டுக்கும் அப்படித்தான். அகரவரிசையும் கிடையாது, பாமினியில் 'அ'வுக்குச் சின்ன எம், 'க'வுக்குச் சின்ன எஃப், அதனால அருள் எப்பவும் கண்ணனுக்குப் பின்னாடிதான் நிப்பார்.

ஒருங்குறி_விரும்பி · புதன் காலை 7.05

பூக்காரருக்கு நன்றி. இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

ரப்பர்கடை_கணக்கன் · புதன் காலை 9.15

ஆசைப்பட்டு ராத்திரி ஒரு நகல் எடுத்து மொத்த ஷீட்டையும் மாத்திப் பார்த்தேன். பேரெல்லாம் அழகா வந்தது. ஆனா எடைக்குப் பக்கத்துல ஆங்கிலத்துல இருந்த கேஜி எல்லாம் 'மப'ன்னு ஆயிடுச்சு. 14 மப, 22 மப. மாமா பார்த்துட்டு "மப்புல அடிச்சியாடே"ன்னு கேட்டார். அசல் ஃபைல் பத்திரம்.

டிடிபி_அக்கா · புதன் காலை 9.50

சிரித்து முடியவில்லை. சின்ன கே 'ம', சின்ன ஜி 'ப'. கன்வெர்ட்டருக்கு எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. பெயர் காலத்தை மட்டும் தனியாக எடுத்து மாற்ற வேண்டும். பெயர்ப் பட்டியல் ஷீட்டையும் ரசீது ஷீட்டையும் ஒன்றாக மாற்ற வேண்டும். ஒன்று பாமினி, ஒன்று ஒருங்குறி என்று நின்றால் விலுக்அப் எதையும் கண்டுபிடிக்காது.

ஒருங்குறிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் ரசீது அச்சுக்கு அது என்ன செய்யும் என்று பார்த்துவிட்டுப் போங்கள். விண்டோஸ் 10-ல் லதா எழுத்துரு முதலிலேயே இருக்காது, ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' சேர்த்தால்தான் லதாவும் விஜயாவும் வரும். சேர்க்காவிட்டால் நிர்மலா என்ற எழுத்துரு வந்து உட்காரும். நிர்மலாவுக்கு உயரம் அதிகம். 6 இஞ்ச் என்பது 432 பாயிண்ட். எக்செல் 2003-ன் வழக்கமான 12.75 உயரத்தில் மார்ஜினே இல்லாமல் வைத்தாலும் 33 வரிதான் அடங்கும். குளச்சல் அய்யாவின் 36 வரி வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியையும் 12-க்குக் கையால் இறக்க வேண்டும். நிர்மலா வந்தால் வரி தானாக உயரும், மறுபடி மொத்தத் தொகை அடுத்த பேப்பருக்குப் போகும். ரசீது ஷீட்டில் எல்லா வரியையும் தேர்ந்து, ரோ ஹைட்டை நீங்களே எண் கொடுத்துப் பூட்டி வையுங்கள். அப்படிப் பூட்டிய வரி எழுத்துரு மாறினாலும் அசையாது.

ஊசிக்காரர் · புதன் காலை 10.20

தம்பி, முக்கியமான கேள்விய எல்லாரும் விட்டாச்சு. மத்தியானம் கடை அடைக்குறதுக்கு முன்னால கம்ப்யூட்டருல என்ன பண்ணுவியரு?

ரப்பர்கடை_கணக்கன் · புதன் காலை 10.31

கம்பெனிக்கு லோடு போகும் அண்ணே. அதுக்கு ஜிஎஸ்டி இன்வாய்ஸ் லேசரில் அடிப்பேன். அடிச்சுட்டு எக்செல்லை மூடிட்டு சாப்பிடப் போவேன்.

ஊசிக்காரர் · புதன் காலை 10.38

பிடிச்சாச்சு.

விண்டோஸ் 10-ல செட்டிங்ஸ், டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்னு போனா 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்'னு ஒரு டிக் கிடக்கும். அது கிடந்தா நீரு கடைசியா எந்த பிரிண்டருல அடிச்சீரோ அதுதான் டிஃபால்ட்டு. காலையில டாட் மேட்ரிக்ஸ். இன்வாய்ஸ் அடிச்சதும் லேசர். மூணு மணிக்கு எக்செல் திறக்கும்போது லேசர்தான் வாசல்ல நிக்கும். எக்செல் தாள் அளவெல்லாம் நிக்குற பிரிண்டரப் பாத்துத்தான் கணக்குப் போடும். லேசருக்கு நம்ம 6 இஞ்ச் ரசீது ஃபார்ம் தெரியாது, அது ஏ4-ன்னு வச்சிரும். பிறகு நீரு டாட் மேட்ரிக்ஸுக்கு மாத்துனாலும் ஏ4 ஏ4-ஆத்தான் நிக்கும்.

டிக்க எடும். டாட் மேட்ரிக்ஸ 'செட் ஆஸ் டிஃபால்ட்'னு வையும். இன்வாய்சுக்கு மட்டும் அடிக்கும்போது லேசரத் தேர்ந்துக்கிடும். 'கடை' லாகினுல போய்ச் செய்யணும் கேட்டீரா, அட்மின் லாகினுல செஞ்சா அது அந்தப் பயலுக்குத்தான்.

ஃபைலுக்குள்ள ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனி பேஜ் செட்டப்பு உண்டு. ரசீது ஷீட்ட சரிபண்ணிட்டு மாசக் கணக்கு ஷீட்ட விட்டுறாதயும்.

குளச்சல்_பெரியவர் · புதன் பகல் 12.15

டிரைவர் என்று ஒருவர் வந்தாலே ஒரு முதலாளி கூடுகிறார். எங்கள் 015 வாழ்க.

ரப்பர்கடை_கணக்கன் · வியாழன் இரவு 8.05

ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு எழுதுறேன். டிக் எடுத்த பிறகு நேத்தும் இன்னைக்கும் மத்தியானம் இன்வாய்ஸ் அடிச்சேன், மூணு மணிக்குத் திறந்தேன், ரசீது அசையலை. வரி உயரம் 12-ல் பூட்டியாச்சு. ஆட்டோகரெக்ட் டிக் எல்லாம் எடுத்தாச்சு. மெஷினைப் பத்தி ஒரு பழைய டைரியில் இப்படி எழுதி மேசையில் ஒட்டிட்டேன்: எழுத்துரு எல்லாருக்கும், பிரிண்டர் எல்எக்ஸ்-300 யுஎஸ்பி001, ஃபார்ம் ரசீது 10-6, டிஃபால்ட் டிக் இல்லை. அடுத்த இடிக்கு உதவும்.

ஒருங்குறி நண்பரே, ரசீது இப்போதைக்கு பாமினிதான். புதுசா போடுற பேரேட்டை உங்க வழியில் தொடங்கியிருக்கேன்.

ஒண்ணு மட்டும் மிச்சம். ஒவ்வொரு எழுத்துக்குள்ளேயும் குறுக்கே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடுது. மூணாவது பிரதி ரோஸ் தாளில் பாதி எழுத்துதான் விழுது.

ஊசிக்காரர் · வியாழன் இரவு 8.30

கோடு எல்லா வரியிலயும் ஒரே உயரத்துல ஓடுதுன்னா ஒரு ஊசி வேலை செய்யலைன்னு அர்த்தம். பவர நிறுத்திட்டு, பேப்பர நகத்துற எல்எஃப் பட்டன அமுக்கிட்டே பவர் போடும், பிரிண்டர் தானா ஒரு சோதனைத் தாள் அடிக்கும். அதுலயும் கோடு இருந்தா ஹெட்டு. இல்லைன்னா டிரைவர்.

ரோஸ் தாளுக்கு ஹெட் பக்கத்துல ஒரு சின்ன லீவர் இருக்கும், தாளு கனத்துக்கு ஏத்தாப்புல நகத்துறது. அது நாலுல கிடந்தா ஒண்ணு ரெண்டுக்குக் கொண்டு வாரும். ரொம்ப நெருக்குனா ரிப்பன் கிழியும், பைய. பேப்பர் கட்ட ஷீட்டு காயப் போடுற புகைக்கூடத்துப் பக்கமும் வைக்காண்டாம், ஈரத் தரையிலயும் வைக்காண்டாம். நம்மூருக்கு ரெண்டு மழை. பேப்பர் வெள்ளம் குடிச்சா துளை டிராக்டருல உக்காராது.

ரப்பர்கடை_கணக்கன் · வெள்ளி காலை 9.02

சோதனைத் தாளிலும் கோடு இருக்கு, அப்ப ஹெட்டுதான். லீவர் நாலில் கிடந்தது, ரெண்டுக்கு வச்சேன், ரோஸ் தாள் தெளிவாச்சு. ஹெட்டைக் கழற்றி சனிக்கிழமை வடசேரிக்கே கொண்டு வாறேன் அண்ணே, கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?

இப்ப முருகன் அண்ணன் வந்து நிக்கிறார். முரகன்னு போன ரசீது அத்தனையும் மாத்தித் தரணுமாம்.